மூன்றாவது ஹெட்போன்

என் கணவர் முத்தரசு புது ஹெட்போன் வாங்கினால், முதலில் அதை ஒரு மரத்தலைக்கு மாட்டி, இரண்டு வாரம் பாட்டை ஓடவிடுவார். அது பழுக்க வேண்டுமாம். அலமாரி முழுக்க மரத்தலைகள். அவருடையதையும் அங்கேயே வைக்கலாம்.

சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன மகள் இன்று காலை அவருக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். வெறும் போனில் கேட்பது அவருக்கு இழுக்கு. ஒரு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார்.

"என்னங்க சொல்றா?"

"பாஸ் சத்தம் தூக்கலா இருக்கு." வேறொன்றை மாட்டினார்.

"ஐயோ, எங்க இருக்காளாம்?"

"பின்னால ஏதோ இரையுது. இரு."

மூன்றாவதை மாட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. பேசாதே என்று எனக்குக் கைகாட்டினார்.

"இப்பத்தான் சுத்தமா கேக்குது," என்றார். "ரயில் கிளம்புது."