தண்ணீர் மெஷின் பாடியபோது

மணி அடித்தது. இரண்டு குட்டி, ஒரு நீளம்.

அப்படி அடிப்பவள் சிட்டு ஒருத்திதான். ஹாஸ்டலில் டீச்சரின் அறைக் கதவைத் தட்டிய காலத்திலிருந்து அதே தாளம்.

டீச்சர் மிக்ஸியை நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், போனை சைலண்டில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கள் வீட்டிலேயே இரண்டு பேரும் திருடர்களைப் போல நின்றார்கள்.

சிட்டு நல்லவள். அதுதான் தொல்லையே.

கெட்டவளாக இருந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடலாம். டீச்சருக்கு முதல் கர்ப்பம் கலைந்தபோது, யாரையும் விடாத வார்டுக்குள் நர்ஸோடு மல்லுக்கட்டி நுழைந்து, விடியும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். பெற்ற அம்மா வந்து சேர்வதற்குள் இவள் வந்துவிட்டாள்.

புருஷனின் பட்டறையை மூடிய பிறகுதான் சிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சாமான் விற்க வேண்டும், விற்பதற்கு ஆளும் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு சத்து மாவு வந்தது. அப்புறம் இடுப்பு வலிக்குக் காந்தப் பெல்ட். பிறகு எதுவும் ஒட்டாது என்று சத்தியம் செய்யப்பட்ட வாணலி. அதில் ஒட்டாதது எதுவும் இல்லை.

டீச்சர் எல்லாவற்றையும் வாங்கினாள். வேண்டாம் என்றால் அது வாணலிக்குச் சொன்னதா, சிட்டுவுக்குச் சொன்னதா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் பின்னக் கணக்கு நடத்துகிறவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

கடைசியாக வாங்கியது தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். அதோடு வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இனிமேல் சிட்டு வந்தால் நாம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இல்லாமல் இருப்பதில் இருவரும் கைதேர்ந்துவிட்டார்கள்.

மறுபடி மணி. இரண்டு குட்டி, ஒரு நீளம்.

"குண்டு, உள்ள இருக்கியாடி? ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிடுறேன்."

குண்டு என்பது ஹாஸ்டலில் டீச்சருக்கு அவள் வைத்த பட்டப்பெயர். குரல் கரகரவென்று இருந்தது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு வாங்கலாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் என்றுதான் சிட்டு எப்போதும் ஆரம்பிப்பாள். அந்த ஒரு நிமிஷம் இருட்டும்வரை போகும்.

வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்தார். டீச்சர் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் சிட்டு கதவில் சாய்ந்திருக்க வேண்டும், பலகை லேசாக முனகியது.

அப்போது சமையலறையில் மெஷின் பாடியது.

தொட்டி நிறைந்தால் பாடும். யாராவது சுவிட்சைப் போட்டால்தான் தொட்டி நிறையும். நிறைந்ததும் தானாக நின்றுவிடும், கூடவே பாட்டும் பாடும் என்று முதல் நாள் கை தட்டிச் சிரித்துச் சொல்லித் தந்தவளே சிட்டுதான். மற்ற எல்லாவற்றையும் அணைத்த இருவரும் அதை மறந்துபோனார்கள்.

பாட்டு நீளமானது. வீட்டுக்காரர் ஓடிப்போய் அதன்மேல் துண்டைப் போட்டு அமுக்கினார். துண்டுக்குள்ளிருந்தும் அது முழுதாகப் பாடி முடித்தது.

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

டீச்சரின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பது? குளித்துக்கொண்டிருந்தேன் என்றால் தலை காய்ந்து கிடக்கிறது. தூங்கிவிட்டேன் என்றால் அவள் நம்புவதுபோல நடிப்பாள், அது இன்னும் கொடுமை.

திற, திறந்து தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. கை கேட்கவில்லை.

கதவுப் பலகை இன்னொரு முறை முனகியது. பிறகு படியில் காலடிச் சத்தம். வழக்கமாகத் தடதடவென்று இறங்குகிறவள், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

வீட்டுக்காரர் மின்விசிறியைப் போட்டார். துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். கதவைத் திறந்து, இனிமேல் எதுவும் வாங்க மாட்டேன்டி, சும்மா வந்து உட்காரு என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்தக் கண்ணாமூச்சியே வந்திருக்காது. அதைச் சொல்லத் துப்பில்லாமல் சிநேகிதியையே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

பக்கத்தில் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் சிட்டுவின் பெயர்.

தெருவில் இறங்கியதும் கூப்பிடுகிறாள், திட்டத்தான் கூப்பிடுகிறாள், திட்டட்டும் என்று பாய்ந்து எடுத்தாள். பேசியது சிட்டுவின் புருஷன்.

"தங்கச்சி, சிட்டுவோட அம்மா தவறிட்டாங்கம்மா. இப்பதான் சேதி வந்துச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, அப்படியே சிலையா நின்னா. உன்கிட்டப் போகணும்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பிட்டா, போனைக்கூட எடுக்கல. கார் சொல்லியிருக்கேன், நேரா உங்க வீட்டுக்கே வந்து அவளைக் கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் மடியில போட்டுக்கம்மா, அழுது தீர்க்கட்டும். வந்துட்டாளா?"

டீச்சர் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"வந்துட்டாண்ணே."

அவர் நிம்மதியாகப் போனை வைத்தார்.