உடைஞ்ச ஃபிளாஸ்க்கு

"போச்சா! காலங்காத்தால டீயைக் கொட்டிட்டியா? இனிமே பத்து மணிக்குத்தான் வெளியில வுடுவாங்க!" நல்லமுத்து அண்ணன் கத்தினார்.

கனகா உடைந்த ஃபிளாஸ்க்கின் கண்ணாடியைப் பெருக்கினாள். பருத்த உடம்பு, குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனிக்கு வந்ததும் கனகா கொண்டுவரும் டீயும் வர்க்கியும்தான் அண்ணனுக்கு டிபன். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை. ஆள் மட்டும் குச்சி. சூளையிலிருந்து வரும் சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பது அவர் வேலை. கிண்ணென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போட்டுவிடுவார்.

அன்றைக்குக் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"அதெல்லாம் கனகா மாதிரி ஆளுங்களுக்கு. என் உடம்புல கொழுப்பு எங்க இருக்குது? சுண்டிப் பாரு, கிண்ணுனு கேக்கும்!"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான், பொய் சொல்வானேன்.

"ஒரு மாசமா அசதியா இருக்குதுன்னு சொல்றீங்களேண்ணே?" என்றாள் கனகா.

"அது சூளைச் சூடு. நீ போய்க் குத்திக்க."

"ஐயோ, ஊசின்னாலே எனக்குப் பயம். நீங்க மொதல்ல குத்திக்கிட்டாதான் நான் வருவேன்."

"இம்மாம் பெரிய உடம்புக்கு இத்தினியூண்டு ஊசி பயமா? வா, காட்டுறேன்!"

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்து கனகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கத்து கத்தினாள். அண்ணன் அதை ஒரு வாரம் எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வந்தார். கனகாவுக்கு எல்லாம் சரி.

"நல்லமுத்து, உங்க ரத்தத்துல ஈரல் என்சைமும் கொழுப்பும் கூடுதலா இருக்குது. ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம்."

"கனகா ரிப்போர்ட்டு மாறி வந்துடுச்சும்மா!"

"மாறலை. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். ஆரம்பமா இருந்தா சாப்பாட்டை மாத்தியே சரி பண்ணிடலாம். நல்ல வேளை, இப்பவே பார்த்தோம்."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் டாக்டரம்மாவோடு வந்த நர்ஸ் மதிவதனி கனகாவைப் பார்த்துவிட்டாள். "கனகாக்கா, அடுத்த மாசம் ரத்ததானம் இருக்குது, மறந்துடாதீங்க. உங்களுக்கு இது பதினாலாவது தடவை!"

அண்ணன் சட்டென்று திரும்பினார். "ஊசின்னா பயம்னியே?"

"எங்கூடப் பொறந்த அண்ணனும் உங்களாட்டம் ஒல்லிதாண்ணே. காமாலை வந்தப்புறந்தான் ஈரல் கெட்டது தெரிஞ்சுது. காப்பாத்த முடியலை."

அண்ணன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப... அந்த ஃபிளாஸ்க்கு?"

"எங்க வூட்டு ஃபிளாஸ்க்குதாண்ணே, போனா போவுது. அன்னிக்கு நீங்க வெறும் வயித்தோட இருக்கணுமில்ல!"