கழுவிய திராட்சை

ஜாடியின் வயிற்றில் காதை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

மறு காதை வைத்தாள். இந்தக் காதுக்குக் கேட்காதது அந்தக் காதுக்கு மட்டும் கேட்டுவிடுமா என்ன? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இந்நேரம் உள்ளே பொரிய ஆரம்பித்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் தோல்கள் நுரையோடு எழும்பி நிற்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பறிப்பதும் பிசைவதும்தான் மனிதர் வேலை. புளிக்க வைப்பதைப் பழத்தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பொடியைத்தான் அவள் புருஷன் கழுவித் தள்ளிவிட்டான்.

பம்புசெட் தொட்டியில் கூடை கூடையாக முக்கி, ஒரு பழம் விடாமல், பளபளவென்று. சர்ச்சில் சாமியார் பூசையில் வைத்துக் குடிக்கிற திராட்சை ரசம் அழுக்கோடு போகலாமா என்ற பக்தி. இன்னாசி சின்னமனூர் வாழைத்தோட்டத்துப் பிள்ளை. கல்யாணமாகி அவன் பார்க்கும் முதல் திராட்சைப் பறிப்பு இது. அவனுக்கு யார் சொன்னார்கள்? அவளும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அவள் வந்து பார்த்தபோது பழமெல்லாம் பிசைபட்டு ஜாடிக்குள் இருந்தது. ஈரக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

அன்றோடு பேச்சு நின்றது. சோறு போட்டாள். தண்ணீர் வைத்தாள்.

ரசம்தானே, போனால் போகட்டும் என்று விட முடியாது.

கம்பத்தில் எல்லோரும் பழைய பன்னீர்த் திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறிந்து நாளாகிறது. இவள் பந்தலில் படர்ந்திருப்பவை இவளைவிட மூத்தவை. தண்டெல்லாம் மரம் மாதிரி, காய்ப்பு மட்டும் நாலைந்து கூடை. கோயில் ரசத்துக்காகத்தான் அண்ணன் அவற்றை விட்டுவைத்திருந்தான். இந்தத் தடவை ரசம் எடுக்கவில்லை என்றால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

சர்க்கரை கொட்டி, கடை ஈஸ்ட் போட்டு ஒப்பேற்றிவிடலாம். ஊரில் செய்யாதவர்களா? ஆனால் பூசைக்கு அது ஆகாது. பழத்தைத் தவிர வேறெதுவும் அதில் சேரக் கூடாது.

மறுநாள் பல்கூடத் துலக்காமல் வந்து காதை வைத்தாள்.

முதலில் தன் காதுக்குள்ளேதான் ஏதோ என்று நினைத்தாள்.

கடுகு வெடித்து அடங்குகிற சத்தம். இங்கொன்று, அங்கொன்று. பிறகு விடாமல்.

மூடியைத் தூக்கினாள். தோல்கள் எழும்பி நின்றன. வாசம் கும்மென்று முகத்தில் அடித்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது.

கழுவின பழம் எப்படித் தானாகப் பொங்கும்?

வாசற்படியில் அவன் நின்றிருந்தான். நகக்கண்ணெல்லாம் ஊதா.

ஈஸ்ட் வாங்கிப் போட்டுவிட்டானா? போட்டிருந்தால் அத்தனையையும் கொட்டத்தான் வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் அவனையே பார்த்தாள்.

"கழுவுனதுதான் தப்புன்னு பக்கத்துத் தோட்டத்துல சொன்னாங்க. கிளிக்கு விட்டுருந்த மூல இருக்குல்ல, அங்கன கெடந்த குலையெல்லாம் பறிச்சுப் பெசஞ்சு முந்தாநாளே ஊத்திட்டேன். வேற ஒண்ணும் போடல." கும்பிடாத குறையாகச் சேர்த்துக்கொண்டான். "சத்தியமாக் கழுவல தாயி."

எந்தப் பறிப்பிலும் கிழக்கு மூலையை யாரும் தொடுவதில்லை. அது கிளிகளின் பங்கு. அப்பா வைத்த வழக்கம். அதில் கைவைக்கும் துணிச்சல் அவளுக்கு வந்திருக்காது. யோசனையே வந்திருக்காது.

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. பந்தல் நிற்கும். அண்ணன் வரட்டும், அவனும் காதை வைத்துக் கேட்கட்டும்.

வெளியே கிளிகள் கத்தின. பாவம், மூலை காலியாகக் கிடக்குமே என்று எழுந்து போனாள்.

காலியாக இல்லை.

பந்தல் கம்பியில் ஒரு வாழைத்தார் தொங்கியது. முழுத் தார், நன்றாகப் பழுத்தது. சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தான். கிளிகள் அதில் தலைகீழாகத் தொங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

பின்னாலேயே வந்தவன், இதிலும் என்ன தப்புச் செய்தோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

"ஏங்க," என்றாள், "இதையும் கழுவித்தான் கட்டுனீங்களா?"