எட்ட நின்ற கிளெரிக்

"இவனெல்லாம் ஒரு கிளெரிக்கா?"

துஷாந்த் மதுரனின் தாளைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான்.

ஹட்டன் பஜாரில் ஷிஹாமின் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே ஷிஹாமின் வாப்பா சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க, மாடியில் நாலு பேர் தாளும் பென்சிலும் பகடையுமாக அரக்கர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டு இதுதான். ஷிஹாம் கதையை நடத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைவார்கள். வாள் வீரன் துஷாந்த். வில்லாளி கிருஷாந்தி டீச்சர். சாமி தந்த சக்தியால் மற்றவர்களின் காயத்தை ஆற்றுகிற கிளெரிக், புதிதாக வந்த மதுரன். மூன்று மாதம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய இடம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எங்கப்பா நம்ம தேயிலத் தோட்டத்துப் பூசாரி. நாளைக்கு நாந்தான் பூசாரி. எனக்குத் தெரியாத கிளெரிக்கா?"

துஷாந்துக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது. கேட்காமலே சொல்லித் தருகிற தாராள மனசு வேறு.

"மொதல்ல கனமான கவசம், கேடயம். கிளெரிக் விழுந்தா எல்லாரும் விழுந்தோம். சண்டைக்கு முன்னாடியே எல்லாருக்கும் ஆசீர்வாதம். சும்மா கீறலுக்கெல்லாம் மந்திரத்தச் செலவழிக்கக் கூடாது, ஆள் சாய்ஞ்சா மட்டுந்தான். இவ்வளவும் ஒழுங்காத்தான் எழுதியிருக்க. ஆனா இது என்னாடா?"

விரலால் தாளைக் குத்தினான்.

"தொட்டுக் குணமாக்குனா ரெண்டு பகடை உருட்டலாம். எட்ட நின்னு குணமாக்குனா ஒண்ணே ஒண்ணு. ரெண்டுல ஒரு மந்திரந்தான் எடுக்கலாம்னா, எந்த மடையன் எட்ட நிக்கிறத எடுப்பான்?"

"என்னோட கிளெரிக் தொடமாட்டாண்ணே."

கிருஷாந்தி டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் மதுரன், சீக்கு ஒட்டிக்குமா?"

"ஆஸ்பத்திரியில அட்டெண்டன் வேல. நாளெல்லாம் நோயாளியத் தூக்கிப் படுக்க வைக்கிறான். வெளையாட்டுல தொடமாட்டானாம்!"

என்று சொல்லி, துஷாந்த் மதுரனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்படியே மதுரனின் தட்டில் மிச்சமிருந்த பாதி ரோல்ஸையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சரி சரி, வெளையாடுவோம்" என்றான் ஷிஹாம்.

அரை மணி நேரத்தில் வினை வந்துவிட்டது. குகை வாசலில் அரக்கனின் உலக்கை துஷாந்தின் வீரன் தலையில் இறங்கியது.

"உயிர் ஊசலாடுது" என்று ஷிஹாம் அறிவித்தான். "பொழைக்கணும்னா கொறஞ்சது அஞ்சு விழணும். மதுரன், உன்னோட முறை. நீ அவனுக்குப் பக்கத்துலதான் நிக்கிற."

"பின்னால நகர்ந்து, எட்ட நின்னு மந்திரத்தச் சொல்றேன்."

"டேய், பக்கத்துலதானடா நிக்கிற! இருக்கிறத அழிச்சிட்டு மத்த மந்திரத்த எழுது. ஷிஹாம் விடுவான். குனிஞ்சு கைய வைடா!"

ஷிஹாம் சரியென்று தலையாட்டினான். மதுரன் ஒரு பகடையை மட்டும் கையில் எடுத்தான்.

"என்னோட கிளெரிக் தொடமாட்டாண்ணே."

பகடை உருண்டது. இரண்டு.

எட்டு மாதமாகத் துஷாந்த் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன் செத்துப்போனான். இருபத்தாறு வயது ஆள், கடுதாசியில் செத்தவனுக்காக மேசையைக் குத்தினான். கண்கூடக் கலங்கிவிட்டது.

"பக்கத்துல கெடக்கிறவனத் தொடாதவன் என்னா சாமி கும்புடுறவன்? அவனுக்கெல்லாம் எந்தச் சாமிடா சக்தி குடுக்கும்? தொடாம காப்பாத்துற பூசாரிய எந்தத் தோட்டத்துலடா பார்த்த?"

மதுரன் பகடைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான்.

"அடுத்த ஞாயித்துக்குள்ள மந்திரத்த மாத்து. இல்லாட்டி இந்தப் பக்கமே வராத."

ஷிஹாம் தாள்களை அடுக்க ஆரம்பித்தான். டீச்சர் பென்சிலைச் சீவினார். கெஞ்சி வாங்கிய இடம் அவ்வளவுதான் என்று மதுரனுக்குப் புரிந்தது. படியிறங்கிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை. பூசாரிக்கு மூட்டுவலி என்பதால், வேட்டியைக் கட்டிக்கொண்டு துஷாந்தே திருநீற்றுத் தட்டோடு வந்தான்.

முன்வரிசையில் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள். கணக்கப்பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் அழுத்திப் பூசினான். அவருடைய பேத்தியின் கன்னத்தை வேறு கிள்ளினான். ஒருவரையும் விடாமல் நெற்றி நெற்றியாகப் பூசிக்கொண்டே வந்தான்.

பின்வரிசையில், பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்து ஆட்கள். மதுரனும் அவன் அம்மா அழகம்மாவும் கையை ஏந்தி நின்றார்கள்.

துஷாந்த் ஒரு சாண் மேலேயிருந்து அழகம்மாவின் கையில் திருநீற்றைப் போட்டான். பாதி கையில் விழுந்தது, பாதி தரையில் சிந்தியது. விரல் படவில்லை. கடை மாடியில் தலையில் தட்டிய கைதான்; மதுரனுக்கும் அதே ஒரு சாண்.

"மந்திரத்த மாத்திட்டியாடா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மதுரன் ஏந்திய கையை இறக்கவில்லை.

"எந்தத் தோட்டத்துல பார்த்தேன்னு கேட்டீங்களேண்ணே. நம்ம தோட்டத்துலதான்."