திலகவதி போடும் மார்க்

துறைக்குத் துறை மார்க் போடும் கை வேறென்று, அதைச் சமன்செய்யப் பல்கலைக்கழகம் வாங்கிய சமனி என்ற கருவி, இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. யார் எதைப் பாராட்டினாலும், அவர் தாராளமா கறாரா என்று பார்த்துச் சரியான மார்க்கைச் சொல்லும்.

தமிழ்த்துறைப் பேராசிரியர் சிங்காரவேலு மார்க்கை வாரி வழங்குபவர். அவர் மனைவி திலகவதி இயற்பியல் துறை. அவரிடம் ஐம்பது வாங்கியவன் ஊருக்கே மிட்டாய் கொடுப்பான். கணவரின் சமையலை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

அன்று கணவர் வைத்த வத்தக்குழம்பை ருசித்தவர், "ம்... சாப்பிடலாம்" என்றார்.

"தொண்ணூற்றெட்டு" என்றது சமனி.

சிங்காரவேலு கரண்டியோடு துள்ளினார். "இத்தனை வருஷமும் இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தியா? திலகா, உன்ன மாதிரி ஒருத்தி உலகத்துலயே கிடையாது!"

"முப்பத்தைந்து."

அவர் முகம் தொங்கிப்போனது. திலகவதி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீங்களும் ஒண்ணும் மோசமில்லங்க."

"நூறு" என்றது சமனி.