கை எட்டாத இடம்

"மணி பதினொண்ணு. கிளம்பிட்டா பாரு, முதுகு சொறிய!"

இஸ்திரி மேசையிலிருந்து வாயாடி சொன்னதும், தரையில் உட்கார்ந்து கிழிந்த விரிப்பைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி களுக்கென்று சிரித்தாள்.

அது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடம். விரிப்பு மடிக்கிற அமுக்குணி, தினமும் இந்த நேரத்துக்கு ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு சூப்பர்வைசர் மேடம் அறைக்குள் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். திறக்கக் கால் மணி நேரமாகும். கேட்டால் பதில் வராது. அதனால்தான் அந்தப் பெயர்.

மேடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கஞ்சி மேடம். கஞ்சி போட்ட துணி மாதிரி அப்படி ஒரு விறைப்பு. புழுங்கித் தள்ளும் நாளிலும் முழுக்கைச் சட்டை. நாற்காலியில் முதுகு சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னிக்கு நம்ம கூடத்துக்குப் புது லீடர் யாருன்னு எழுதி ஒட்டப் போறாங்களாம்," என்றாள் தையல்காரி.

வாயாடி இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கூடத்தில் லீடருக்கு மட்டும்தான் நாற்காலி. "இனிமே நாள் பூரா நிக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. நிற்காமல் எப்படித் தேய்ப்பது?

"வேற யாரு? அவதான். பதினோரு வருஷமா நான் துணியைத் தேய்ச்சேன், முழங்கால் தேஞ்சுது. அவ ஒரு வருஷமா முதுகைத் தேய்ச்சா, நாற்காலி கிடைக்குது!"

"எனக்கு ஒண்ணுதான்க்கா புரியல. முதுகு சொறியறவ நகத்தை ஏன் இப்படி ஒட்ட வெட்டி வெச்சிருக்கா?"

"நகம் படாம சொறியறா. அதான்டி அமுக்குணி!"

சொல்லிவிட்டாளே தவிர மனசு ஆறவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இரு, நேராவே கேட்டுட்டு வரேன்."

காலை இழுத்து இழுத்து நடந்து போய், தட்டாமலே கதவைத் தள்ளினாள்.

உள்ளே மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். சட்டை தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. முதுகு முழுக்கச் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. அவர் கையிலிருந்த இரும்பு ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் அமுக்குணி.

"கொடுங்க மேடம். சொறிஞ்சா ரத்தம் வரும். நான் ஈரத்துண்டால தட்டி விடறேன்."

"உயிர் போகுதுடி. ஒரே ஒரு தடவை."

"நேத்தும் ஒரே ஒரு தடவைன்னுதான் சொன்னீங்க."

அப்போதுதான் இருவரும் வாயாடியைப் பார்த்தார்கள். மேடம் சட்டையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இது யாருக்கும் ஒட்டாது," என்றார் முதல் வார்த்தையாக. "டாக்டர் எழுதியே கொடுத்திருக்காரு. ஆனா நாலு பேர் படுக்கிற விரிப்பைத் தொடற இடம் இது. சொறிக்காரின்னு பேர் வந்தா என்னை வெச்சிருப்பாங்களா?"

விறைப்பெல்லாம் எங்கே போனதோ, பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல நான் ஒருத்திதான். மருந்து இருக்கு, என் கைதான் எட்டல. ஒருநாள் இந்தக் கதவு நிலையில முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நின்னப்போ இவ பார்த்துட்டா. மறுநாளே நகத்தை வெட்டிக்கிட்டு வந்து நின்னா. ராத்திரி நான் தூங்கறேன்னா அது இவ புண்ணியம்."

 வாயாடி பார்வையைத் திருப்பி மேசையைப் பார்த்தாள். 'புதிய லீடர்' என்று தலைப்பிட்ட தாள் அங்கே கிடந்தது. ஒரு பெயரை எழுதி அடித்திருந்தார்கள். அதன் கீழே இருந்தது வாயாடியின் பெயர்.

"மேடம், இது..."

"நான் முதல்ல எழுதினது இவ பேரைத்தான். அடிச்சது இவ."

அமுக்குணி மருந்துக் குழாயின் மூடியைத் திருகியபடி சொன்னாள்:

"நான் அதை வாங்கிக்கிட்டா, இது கூலி ஆயிடும்க்கா. அப்புறம் மருந்து போட எனக்குக் கை வராது. அதோட, நாற்காலி யாருக்கு வேணும்னு உங்க முழங்காலைப் பார்த்தாலே தெரியுதே."

வாயாடிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன்னை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன்டி..."

"கேட்டுச்சுக்கா. இந்தக் கதவு ரொம்ப மெல்லிசு."

மேடமே சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து வாயாடிக்கு நாற்காலி. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் முழங்கால் விடும் பெருமூச்சோடு, "நல்லா இருடி" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

அடுத்த மாதம் ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அமுக்குணி லீவு போட்டாள்.

மணி பதினொன்று. வாயாடி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்தாள். காலையில் வெட்டிய நகங்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து தையல்காரியின் குரல் கேட்டது.

"பார்த்தீங்களா! நாற்காலி கிடைச்சதும் இவளும் கிளம்பிட்டா, முதுகு சொறிய!"

கூடமே சிரித்தது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வாயாடி பதில் பேசவில்லை.