இடப்பக்கம் திரும்பவும்

“அன்னக்குளம் இங்கேதானே இருக்கணும்?”

கதவைத் தட்டிய ஸ்பெயின்காரர் கையிலிருந்த தாளையும் முட்டுச்சந்தின் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்கே நான்தான் இருக்கேன். என்னைப் பார்த்தா அன்னம் மாதிரியா தெரியுது?” என்றார் சிரீல்.

பின்னால் நின்ற மனைவி ஸ்பெயின்காரரின் முதுகில் ஒன்று வைத்தாள். “பாலத்துக்கு அப்புறம் வலப்பக்கமா இருக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

“தாள்ல இடப்பக்கம்னு போட்டிருந்தா நான் என்ன பண்றது?”

சிரீல் தாளை வாங்கிப் பார்த்தார். அதேதான். ப்ரூஜ் நகரத்தைத் தாங்களாகவே நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, மூலைக் காப்பிக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் தாள். மொத்தம் இருபத்திரண்டு இடங்கள். பதினான்காவது இடத்துக்குக் கீழே, ‘பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பவும். சந்தின் கடைசிவரை நடக்கவும்’ என்று இருந்தது. சந்தின் கடைசியில் சிரீல் வீடு மட்டும்தான் இருக்கிறது.

“இன்னைக்கு நீங்க மூணாவது ஆளு. உள்ளே வாங்க. இர்மா, காப்பி!”

சிரீலின் மனைவி இர்மா ஏற்கெனவே இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள். பட்டை வாசனை வீசும் பிஸ்கட்டும் மேசைக்கு வந்தது.

“குளம் எங்கேயும் ஓடிப்போயிடாது. மணிக்கூண்டு ஏறினீங்களா?”

“கூட்டமா இருந்துச்சு…”

“முன்னூத்து அறுபத்தாறு படி! ஏறாம ஊருக்குப் போனா உங்களை அங்கே சேர்த்துக்குவாங்களா?”

அப்புறம் சிரீல் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. ஸ்பெயின்காரி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாள். கடைசியில் கைத்தடியை எடுத்துக்கொண்டு, அவர்களைப் பாலம்வரை கூட்டிப்போய் வலப்பக்கம் திருப்பி விட்டுவிட்டு வந்தார்.

முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் வழிகாட்டியாக இருந்தவர் அவர். முட்டி தேய்ந்துபோய், போன வருடம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சூப்பில உப்பு போதுமா?” என்று இர்மா கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். வசந்தத்தில் இந்தத் தாள் வந்தது. அதன்பிறகுதான் வழிதவறியவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

“எந்தக் கழுதை இதை எழுதிச்சு?” திரும்பி வந்ததும் தாளை மேசையில் போட்டார் சிரீல். “மத்த இருபத்தோரு இடத்துக்கும் வழி கொஞ்சங்கூடப் பிசகல. இந்த ஒரு திருப்பத்தில மட்டும் மூளையைக் கழட்டி வச்சிட்டான்.”

“பாவம், யாரோ. விடேன்.”

“ஆங்கிலத்தைப் பாரு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுட்டு ஓடினவன் எழுதின மாதிரி இருக்கு.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு!”

“உனக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?”

“எனக்கென்ன கோபம்? அடுப்பில பால் பொங்குது” என்று இர்மா எழுந்து உள்ளே போனாள்.

“அடுப்பே பத்தவைக்கலையே, இர்மா!”

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அன்று மதியம் சிரீல் மேசையில் குனிந்து உட்கார்ந்து எழுதினார். மூன்று காகிதங்களைக் கசக்கிப் போட்டார். நான்காவதை உறையில் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார்.

“காப்பிக்கடை கத்ரீன்கிட்ட கொடு. தாளை எழுதின மகராசன் கைக்கே போய்ச் சேரணும்னு சொல்லு.”

“திருத்தச் சொல்லி எழுதியிருக்கியா?”

“தப்புன்னா திருத்தத்தானே வேணும்?”

“திருத்திட்டா அப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்களே, கிழவா.”

சிரீல் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இர்மா உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போன குளிர்காலம் மறுபடியும் வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. பாலத்தின் நடுவில் நின்று உறையை எடுத்தாள். கீழே வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கையை நீட்டினாள். ஆனால் முட்டி வலியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய மனுஷன் கண்முன் வந்தார். கையை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

காப்பிக்கடையில் கத்ரீன் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லவேளை வந்தீங்க மேடம். தாள் காலையிலேயே தீர்ந்துபோச்சு. அடுத்த கட்டு எப்ப கொண்டு வருவீங்க?”

“இனிமே வராதுன்னு நினைக்கிறேன், கத்ரீன்.” இர்மா உறையை நீட்டினாள். “அவர் கொடுத்தார். தாளை எழுதினவங்க கையில சேர்க்கணுமாம்.”

கத்ரீன் கையை நீட்டாமலே சிரித்தாள். “அதை எழுதினதே நீங்கதானே? அப்ப சரியான கையிலதான் இருக்கு. பிரிங்க!”

இர்மா உறையைக் கிழித்தாள். உள்ளே இரண்டே வரிகள்.

‘இர்மா, அந்தத் திருப்பத்தை மட்டும் திருத்திவிடாதே. செவ்வாய்க்கிழமைகளில் ஆள் வரத்து குறைவாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூடுதலாக அச்சடி.’